கழுவாத குடமும் கட்டம் போட்ட சட்டையும்

“ஓடிப் போனான்னு இன்னொரு தபா சொன்னே, இந்தக் குடத்தாலயே போடுவேன், ஆமா! ஓடினதை நீ பாத்தியா?”

தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கிளியம்மாள் பச்சைக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. எதிரே நின்றவள் எதிர்வீட்டு மஹாலட்சுமி. பீர்க்கன்கரணையில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கேட்டால்கூட அவளிடம் பதில் இருக்கும்.

“தப்பு பண்ணாதவன் எதுக்குக்கா காலி பண்ணிட்டுப் போகணும்? முனிரத்தினம் அண்ணன் பொண்ணு போட்டோவுல தன் சட்டையை ஒட்டி வெச்சவன்தானே உங்க மாடி வீட்டு ஹேமநாத்? மாட்டிக்கிட்டதும் ஓடிட்டான்.”

“ஒட்டினதை நீ பாத்தியா? ஓடினதை நீ பாத்தியா? ரெண்டையும் பாக்காம பேச வாய் மட்டும் எப்படிடி வருது உனக்கு?”

சண்டையில் லாரித் தண்ணீர் வழிந்து ரோட்டில் ஓடியது. ஓஸ் பைப்பைப் பிடித்திருந்தவன் “நெறஞ்சிடுச்சு, நெறஞ்சிடுச்சு” என்று கத்திக்கொண்டே பாதிக் குடத்தைத் தள்ளிவிட்டான். அவனுடைய வழக்கம் அது. கிளியம்மாள் அந்தக் குடத்தை அவன் முன்னாலேயே சாய்த்துக் காட்டி, மறுபடி பிடிக்க வைத்துவிட்டுத்தான் வீடு வந்தாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இன்று ஹேமநாத்துக்காகக் குடத்தைத் தூக்கும் இதே கிளியம்மாள், ஆரம்பத்தில் தெருவில் வேறு எவரையும்விட அவனை அதிகமாகச் சந்தேகப்பட்டவள்.

ஹேமநாத் கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடை தூக்கி மீன் விற்கிறவள். காட்டாங்குளத்தூர் காலேஜில் படித்து முடித்து, சானடோரியம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மாடி அறைக்குக் குடிவந்தான். “கடலோரத்துப் பசங்களுக்கெல்லாம் வீடு குடுக்கறீங்களே அக்கா” என்று மஹாலட்சுமி அன்றைக்கே ஆரம்பித்தாள். தெருவில் பாதிப் பேர் பழைய ஊர்க்காரர்கள். வயலை மனையாக்கி விற்று மாடி கட்டியவர்கள். அவர்களுக்கு மீன் பிடிக்கும், மீன்காரன் பிடிக்காது. கிளியம்மாளும் அந்த ஊர்க்காரிதான். வாடகைக்கு ஆள் வேண்டும் என்பதால் வாயை மூடிக்கொண்டாள், கண்ணை மூடவில்லை.

கண்ணில் பட்டதெல்லாம் கோணலாகத்தான் இருந்தது. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகச் செங்கல் கனத்தில் ஏதோ கொண்டுவந்தான். கேட்டால், “டிஸ்க்குமா, கம்ப்யூட்டர் டிஸ்க்கு” என்றான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்றே வயரைப் பிடுங்குவான், திரும்பச் சொருகுவான், மறுபடி பிடுங்குவான். ஒரு நாள் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டு, “ஒரு நிமிஷம்மா, சும்மா பாக்கறேன்” என்றான். கிளியம்மாளின் சீரியல் பாதியில் நின்றது. திருட்டு சிடி அடிக்கிறான் என்று தெரு முடிவு கட்டியது. கிளியம்மாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போயிருந்தபோது, பெருக்குகிற சாக்கில் அறையைத் திறந்து பார்த்தாள். சிடி ஒன்றுமில்லை. பெட்டிகளும், அவன் அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலமும், ஆணியில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சட்டையும்தான் இருந்தன. சட்டைப் பையில் சிவப்பு மூடிப் பேனா. விசேஷமென்றால் அவனுக்கு அந்த ஒரே சட்டைதான், தெருவுக்கே தெரியும்.

“இன்னா வேலைப்பா உனுது?” என்று ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

“டிஸ்க்குல இருக்கறதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக் குடுக்க நடுவுல ஒரு புரோகிராம் வேணும்மா. டிரைவர்னு சொல்வாங்க. அதை எழுதறேன்.”

“எழுதறவன் எதுக்கு வயரைப் புடுங்கறே?”

“புடுங்கினா தாங்குதான்னு பாக்கத்தான்.”

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே அவளுக்குச் சந்தேகமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாலு வீடு தள்ளியிருந்த முனிரத்தினம் தன் மகள் தேவதர்ஷினிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். கூடுவாஞ்சேரிச் சம்பந்தம், மாப்பிள்ளை சிங்கப்பூரில். ஜாதகம் பொருந்திவிட்டது. பையன் அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்பதால் படத்தை சிடியில் போட்டு அனுப்பச் சொன்னார்கள். பெருங்களத்தூரில் சவுரிமுத்துவின் ஸ்டூடியோவில் நீலத் திரைக்கு முன்னால் பட்டுப்புடவையோடு படம் எடுத்தார்கள். சவுரிமுத்து படங்களைச் சுருக்காமல் முழுசாகவே வைத்துக்கொள்கிறவர். அதற்காகவே புதிதாக ஒரு டிஸ்க் பெட்டி வாங்கியிருந்தார். அந்தப் பெட்டி ஹேமநாத்தின் கம்பெனியில் செய்தது. அதை வந்து மாட்டிக்கொடுத்தவனும் ஹேமநாத்தேதான்.

சிடி கூடுவாஞ்சேரிக்குப் போனது. அங்கே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். கழுத்துச் சங்கிலி வரைக்கும் தேவதர்ஷினி. பூ, ஜிமிக்கி, சிரிப்பு எல்லாம் சரி. சங்கிலிக்குக் கீழே புடவை இல்லை. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஆம்பிளைச் சட்டை. பையில் சிவப்பு மூடிப் பேனா.

பின்னால் அதே நீலத் திரை, அதே அளவு. ஒட்டுப் போட்ட அடையாளமே இல்லை. அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் நின்று படம் எடுத்த மாதிரியே இருந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் குமரேசன், மனை விற்கிறவர், சிடியை எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே வந்து இறங்கினார். “இந்தச் சட்டை யாருதுன்னு தெரியாம எங்க வூட்ல இருந்து தட்டு மாறாது” என்று சொல்லிவிட்டுக் காபியைத் தொடாமல் போய்விட்டார். சட்டை யாருடையது என்று சொல்ல முனிரத்தினத்துக்கு வெகு நேரம் ஆகவில்லை. மஹாலட்சுமி இருந்தாளே.

மகள் அழவில்லை. “அப்பா, அவர் கூட ஒரு வார்த்தை பேசினதில்ல நான். சட்டையாவது நல்ல சட்டையா இருந்திருக்கலாம்” என்றாள். அதற்கு ஒரு அறை வாங்கினாள்.

கிளியம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்து ஹேமநாத்துக்காகக் காத்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

“உன் படம் அந்த ஸ்டூடியோவுக்கு எப்பிடிப் போச்சு? முதல்ல அதைச் சொல்லு.”

“பெட்டி மாட்டின அன்னிக்கு சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்ல. சவுரிமுத்து அண்ணன் என்னையே நிக்க வெச்சு ஒரு படம் எடுத்துப் போட்டாரு. அதை அழிக்காம வுட்டுட்டேன்.”

“சரி. உன் சட்டை அவ கழுத்துக்குக் கீழ எப்பிடிப் போச்சு?”

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

“டிஸ்க்குல இருக்கற படம் நேரா கம்ப்யூட்டருக்குப் போகாதும்மா. நடுவுல மெமரியில கொஞ்சம் இடம் ஒதுக்கி வெச்சிருப்போம். பஃபர்னு பேரு. லாரித் தண்ணியைக் குடத்துல புடிச்சு டிரம்முல ஊத்தற மாதிரி. டிஸ்க்கு குடத்துல ஊத்தும், கம்ப்யூட்டர் அதுலேர்ந்து எடுத்துக்கும். திரும்பத் திரும்ப அதே குடந்தான். முதல்ல என் படம் அதுல வந்துருக்கு. அடுத்தது அந்தப் பொண்ணு படம். ஆனா டிஸ்க்கு அரைக் குடந்தான் ஊத்திருக்கு.”

“ஏன்?”

“ஏன்னு இன்னும் தெரியல. ஆனா ‘இவ்ளோதான் குடுத்தேன்’னு டிஸ்க்கு சொல்லும். என் டிரைவர் அதைக் காதுல வாங்கல. குடம் நெறஞ்சிடுச்சுன்னு மேல சொல்லிடுச்சு. மீதி பாதி, முன்னாடி இருந்த என் படம்.”

கிளியம்மாள் விடவில்லை. “ஊத்திக் காலி பண்ண குடத்துல பழைய தண்ணி எப்பிடிடா இருக்கும்?”

“இந்தக் குடம் எடுத்தாக் குறையாதும்மா. புதுசு மேல வந்து விழுந்தாத்தான் பழசு போகும். இல்லேன்னா நாமளே கழுவி வைக்கணும்.”

“எடுத்தாக் குறையாத குடமா! அட்சய பாத்திரமா வெச்சிகினுகீறே? யார்கிட்ட கதை வுடறே?”

“சத்தியமாம்மா. கழுவறதுக்குன்னு ஒரு வரி எழுதியும் வெச்சிருந்தேன். பெட்டி மெதுவா ஓடுது, அதை எடுன்னு முதலாளி சொன்னாரு. எடுத்துட்டேன். டிஸ்க்கு சொல்றதைக் கேக்காம வுட்டது மட்டும் என் தப்பு, வேற யாருதும் இல்ல.”

தப்பு என்று அவன் ஒப்புக்கொண்டது அவளுக்குக் கேட்டது. எந்தத் தப்பு என்பதுதான் பிடிபடவில்லை. அன்றிரவு படுத்தபடி அதையே யோசித்தாள். பொய் சொல்கிறவன் இத்தனை சிக்கலாகவா சொல்வான்? இல்லை, படித்தவன் பொய் இப்படித்தான் இருக்குமோ?

மறுநாள் அவன் ஒரு காரியம் செய்தான். நல்லதென்று நினைத்துத்தான் செய்தான். முனிரத்தினத்தையும் இன்னும் இரண்டு பேரையும் மாடிக்கு அழைத்து, தன் படத்தையும் முனிரத்தினத்தின் படத்தையும் அந்த மாதிரியே ஒரு பெட்டியில் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, அது ஓடும்போது வயரைச் சட்டென்று அசைத்துக் காட்டினான். நாலாவது தடவை வந்துவிட்டது: முனிரத்தினத்தின் மீசை, அதற்குக் கீழே கட்டம் போட்ட சட்டை.

“பாத்தீங்களா, தானா நடக்குது” என்றான் அவன்.

படியில் நின்று எட்டிப்பார்த்த மஹாலட்சுமி கையைத் தட்டினாள். “தானாவா? வயரைத் தொட்டது யாரு? எவன் கழுத்துல வேணா தன் சட்டையை மாட்டுவான் இவன். அதைத்தானே நாங்களும் சொல்றோம்!”

முனிரத்தினம் இறங்கிப் போனார். சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. நிரூபிக்கக் கொண்டுபோன விளக்கையே வாங்கி அவன் முகத்தில் பிடித்து, “இதோ திருடன்” என்று சொல்லும்.

ஹேமநாத் மாடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண்ணின் சம்பந்தம் தன் ஒரு வரியால் முறியப்போகிறது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். தன் பெயரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளியம்மாளின் மனது முதல் முறையாகக் கொஞ்சம் இளகியது. இளகினாலும் கேட்டாள்: “உன் கை படாம அது நடக்குமா? நீ தெருவுல நில்லு. சவுரிமுத்து பண்ணட்டும். வந்தா நான் உன் பக்கம். வரலேன்னா இன்னிக்கே பெட்டியைக் கட்டு.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முனிரத்தினம் வீட்டு முன்னறையில் கூடினார்கள். கூடுவாஞ்சேரிக் குமரேசனையும் வரவழைத்திருந்தார்கள். சவுரிமுத்து கம்ப்யூட்டரையும் பெட்டியையும் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். ஹேமநாத் கேட்டுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் நின்றான். அவன் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மஹாலட்சுமி தானாகவே எடுத்துக்கொண்டாள்.

சவுரிமுத்து குமரேசனை நிற்கவைத்துப் படம் எடுத்து, பெட்டியில் ஏற்றினார். முதலில் ஹேமநாத்தின் பழைய படத்தைத் திறந்தார், பிறகு குமரேசனுடையதை. வெள்ளைச் சட்டைக் குமரேசன் வெள்ளைச் சட்டையோடேயே வந்தார். மறுபடி திறந்தார், அப்படியேதான். மறுபடியும், மறுபடியும். பெட்டி உத்தமமாக நடந்துகொண்டது.

“அவன் கை படலேன்னா ஒண்ணும் ஆவல பாத்தியா” என்றார் முனிரத்தினம். குரல் உடைந்திருந்தது. குமரேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், கிளம்புகிற அடையாளம். தேவதர்ஷினி கதவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குந்துங்க. இன்னும் நாலு தபா பாக்கட்டும்” என்றாள் கிளியம்மாள்.

“எத்தனை வாட்டிம்மா பாக்கறது? வெயில் ஏறுது.”

“பொண்ணு வாழ்க்கை, வெயிலைப் பாக்கறியா? குந்து.”

வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாதே என்று முனிரத்தினத்தின் மனைவி பின்கட்டில் காபி வைக்கப் போனாள். தொட்டியில் தண்ணீர் இல்லை. போர் மோட்டாரைப் போட்டாள். அந்தத் தெருக் கரண்டின் லட்சணம் தெரிந்ததுதான்: மோட்டார் உறுமியதும் டியூப் லைட் மங்கியது, ஃபேன் சோர்ந்தது, கம்ப்யூட்டர் திரை ஒரு தடவை கண்ணடித்தது. சவுரிமுத்து அப்போதுதான் படத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

திரையில் குமரேசன் வந்தார். நெற்றியில் விபூதி, பெரிய மீசை, கழுத்தில் தங்கச் சங்கிலி. கீழே நீலமும் வெள்ளையுமாகக் கட்டம். பையில் சிவப்பு மூடிப் பேனா.

குமரேசன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். வெள்ளைச் சட்டைதான். திரையைப் பார்த்தார்.

“யோவ், இருபது வருஷமா வெள்ளையத் தவிர நான் வேற போட்டதில்லையே!”

முதலில் சிரித்தது கதவுக்குப் பின்னால்தான். பிறகு குமரேசனே வயிறு குலுங்கச் சிரித்தார். “இந்தப் படத்தையும் ஒரு சிடில போட்டுக் குடுப்பா. எங்க அக்காகிட்ட காட்டணும். பொண்ணு மேல பழி போட்டுகினு ஒரு வாரமா சாப்பிடாம கீது.” அன்று அவர் காபியும் குடித்தார், தட்டு மாற்ற நாளும் சொன்னார்.

கிளியம்மாள் கேட்டுக்கு வந்தாள். “வந்துடுச்சுடா. மோட்டார் போட்டதும் வந்துடுச்சு.”

ஹேமநாத் சிரிக்கவில்லை. “மோட்டாரா?” என்று மட்டும் கேட்டான். “கரண்டு இறங்கினா டிஸ்க்கு பாதியிலேயே கையை வுட்டுடுது. அதுக்குத்தான் அரைக் குடம். ஸ்டூடியோ பின்னாடியும் ஒரு மோட்டார் இருக்கும்மா.” கிளியம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாள் அவள் தேடிய கள்ளம் அதில் இல்லை. இருந்தது தூக்கமில்லாத கண்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் மஹாலட்சுமிக்குப் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சவுரிமுத்து மற்ற ஸ்டூடியோக்காரர்களிடம் சொன்னார். ஒவ்வொருவராகப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனி முதலாளி ஹேமநாத்தைக் கூப்பிட்டு, பொது இடத்தில் பெட்டியின் குறையைக் காட்டச் சொன்னது யார் என்று கேட்டார். ஸ்டூடியோக்காரர் செய்த கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்றார். அவன் சொல்லவில்லை. வேலை போயிற்று.

தெருவும் அடங்கவில்லை. அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. “அப்போ எல்லார் படமும் அந்தக் குடத்துல தங்கிகினுதானே கீது? நாளைக்கு யார் தலை யார் மேல வரும்?” என்று பெண்கள் சவுரிமுத்து கடைக்குப் போய்த் தங்கள் படங்களை அழிக்கச் சொன்னார்கள். ஹேமநாத் தெருவில் நடந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் முனிரத்தினம் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வந்தார். வைத்துவிட்டு எழுந்திருக்காமல் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தத் தம்பி மேல தப்பு இல்ல. நானே பாத்தேன். இருந்தாலும்… மாப்ள வூட்டு ஜனம் வரும் போகும். கல்யாணம் முடியற வரைக்கும் அவரு வேற எங்கனா…”

“தப்பு இல்லேன்னு நீயே சொல்றே. அப்புறம் இன்னா இருந்தாலும்?”

“ஊர் வாய் அக்கா.”

“ஊர் வாய்க்கு நீ பயப்படு. வூடு என்னுது. அவன் இங்கதான் இருப்பான். பத்திரிகையை எடுத்துகினு போறதுன்னாலும் போ.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் பாதியில் நின்றது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஹேமநாத் சம்பளமே இல்லாமல் சவுரிமுத்துவின் ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தான். முதலாளி சொல்லி எடுத்த, குடம் கழுவும் வரியைத் திரும்ப எழுதினான். டிஸ்க் எவ்வளவு கொடுத்ததென்று கேட்டு, குறைந்தால் படத்தைக் காட்டாமல் மறுபடி கேட்கும்படியும் செய்தான். பின்னால் மோட்டாரைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, கட்டிடச் சொந்தக்காரன் வந்து திட்டும் வரைக்கும் பார்த்தான். ஒரு படத்திலும் சட்டை வரவில்லை. தன் படத்தையும் அழித்துவிட்டு வந்தான்.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும். தண்ணீர் லாரி வருகிற நாள் என்பதால் தெருவே வெளியில் நின்றது. ஹேமநாத் ஒரு பையும் ஒரு அட்டைப்பெட்டியுமாகப் படி இறங்கினான். உடம்பில் அதே நீலமும் வெள்ளையுமான கட்டம் போட்ட சட்டை. பையில் சிவப்பு மூடிப் பேனா.

“வேற சட்டையே கிடைக்கலியா உனக்கு?” என்றாள் கிளியம்மாள். அழக்கூடாது என்பதற்காகக் கோபப்பட்டாள்.

“இது என் சட்டைதானேம்மா” என்றான்.

சாவியை நீட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நான் காலி பண்ணச் சொல்லல. சொல்லாதப்போ சாவி வாங்க மாட்டேன்.”

“ஊர்ல கொஞ்ச நாள் இருக்கேன். பெங்களூர்ல ஒரு எடத்துல கூப்புட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு கல்யாணம் நல்லா நடக்கட்டும்மா.”

“அது நடக்கறதுக்கு நீ போகணுமா?”

அவன் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தான். வாசற்படியைத் தாண்டினான்.

வெளியே லாரிப் பைப்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் தெரு நடுவில், வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், எப்போதும் வேலைக்குப் போகிற நடையில் போனான். முனிரத்தினம் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அந்த வீட்டுக் கேட் திறந்தது. கையில் குடத்தோடு தேவதர்ஷினி வந்து நின்றாள். அவ்வளவு பேரும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

“அண்ணா! போயிட்டு வாங்க.”

அவன் நின்றான். அப்போதும் முழுசாகத் திரும்பவில்லை. “வரேம்மா” என்றான். அட்டைப்பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

“அண்ணான்னு கூப்பிட்டுட்டா போச்சா?” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எந்தக் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை. “மூஞ்சியைக்கூடத் திருப்பல பாரு. குத்தமுள்ள நெஞ்சு.”

கிளியம்மாள் வாசலை விட்டு இறங்கித் தெரு நடுவில் வந்து நின்றாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் அந்தக் கட்டங்கள் கண்ணுக்கு மறையும் வரைக்கும், கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, ஒரு அடிகூட அவன் ஓடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.